முழங்கால் வலிக்கு வீட்டுப் பயிற்சி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

முழங்கால் பயிற்சிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த படத்தாளைக் கேட்டால் வீட்டுக்கு வீடு எடுத்துக் காட்டுவார்கள். அப்படியிருந்தும் பாதிப் பேர் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பயிற்சியின் மீது தவறில்லை, வரிசை மாறிப்போவதுதான் பிரச்சினை. காலை முழுசாக நீட்ட முடியாதவர் முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்கிறார். தொடையில் வலு இல்லாதவர் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பிக்கிறார். மூட்டு வீங்குகிறது, "எனக்கு இதெல்லாம் ஒத்துக்கலை" என்று முடித்துக்கொள்கிறார்.

45 வயதைத் தாண்டியவர்கள், நடந்தால், படி இறங்கினால், உட்கார்ந்து எழுந்தால் வலிப்பவர்கள், காலையில் எழுந்ததும் அரை மணிக்குள் விட்டுவிடும் இறுக்கம் உள்ளவர்கள், அதாவது மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னவர்களுக்கான வழிகாட்டி இது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும், விளையாட்டில் ஜவ்வு கிழிந்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு வரிசை வேறு.

## 1. பயிற்சி தொடங்கக் கூடாதவர்கள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

மூட்டு சிவந்து, தொட்டால் சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், அதன்மேல் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவும் மடக்கவும் வராமல் நின்றாலும், படுத்திருக்கும்போதுகூட ராத்திரி முழுக்க வலித்தாலும் காட்டிவிடுங்கள்.

காலை இறுக்கம் அரை மணியைத் தாண்டி நெடுநேரம் நீடித்து, விரல் கணுக்களிலும் வீக்கம் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்துதான் முதலில்.

## 2. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

கனமான, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்தான் இருக்கிறது என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போய்விடும். குளியல் துண்டு இரண்டு, படுக்க ஒரு பாய் அல்லது உறுதியான கட்டில், பிடித்துக்கொள்ளச் சமையல் மேடை அல்லது ஜன்னல் கம்பி. எடை தேவைப்படும் கட்டத்தில் அரை கிலோ, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம்.

தரையில் உட்காரவோ அங்கிருந்து எழவோ முடியாதவர்கள் பாயை மறந்துவிடுங்கள். கட்டில் போதும். பயிற்சிக்காகத் தரையிலிருந்து எழுந்திருக்கும் ஒரு தடவையே அன்றைய பயிற்சி முழுவதையும் விட மூட்டுக்குப் பெரிய சுமையாகிவிடும்.

தைலம் தேய்க்கும் பழக்கம் இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். பயிற்சிக்கு முன் உள்ளங்காலை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

## 3. முதல் நாள் அளவு எடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அளவு இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து "ஒண்ணும் மாறலையே" என்றுதான் தோன்றும், மாறியிருந்தாலும்.

மூன்று அளவுகள் போதும். ஒன்று, காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்குப் பின்பக்கம் படுக்கையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் எத்தனை விரல் நுழைகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் பெண்களுக்கு 12-க்கும் ஆண்களுக்கு 14-க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழே. கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று, உங்களுக்கு எது முடியவில்லை என்று ஒரு வரி: பஸ் படி, கோலம், கோயில் பிராகாரம், எதுவானாலும்.

எக்ஸ்ரேயை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் மோசமான தேய்மானம் இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு, லேசான தேய்மானத்தோடு துடிப்பவர்களும் உண்டு. பயிற்சியால் எக்ஸ்ரே மாறப் போவதும் இல்லை.

## 4. எவ்வளவு வலி வரலாம்?

"வலித்தால் உடனே நிறுத்துங்கள்" என்று சொன்னால் யாரும் இதைத் தொடங்கவே முடியாது. "வலியைப் பொறுத்துக்கொண்டு செய்யுங்கள்" என்று சொன்னால் மூட்டு வீங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவுகோல் இருக்கிறது.

வலியே இல்லை என்பதை 0, தாங்கவே முடியாத வலியை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 2 வரை வந்தால் கவலையே வேண்டாம். 5 வரை ஏற்றுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்தப் பயிற்சியைச் சுலபமாக்குங்கள்.

அதைவிட முக்கியமானது மறுநாள் காலை. ஏறிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், புதிதாக வீக்கம் இருக்கக் கூடாது. திரும்பியிருந்தால் நேற்றைய அளவு சரி. திரும்பவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். குறுத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசைந்து, அமுங்கி, விடுபடும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சத்துப் போகிறது. அசைக்காமல் பொத்தி வைப்பது அதற்கு நல்லதில்லை.

தொடைச் சதையில் ஒன்றிரண்டு நாள் இருக்கும் வலி வேறு, மூட்டுக்குள் இருக்கும் வலி வேறு. முதலாவது வேலை செய்த தசையின் அலுப்பு, அது வரட்டும். வலி இல்லாமல் கடக் கடக் என்று சத்தம் மட்டும் வந்தால் அதையும் விட்டுவிடலாம்.

## 5. முதல் கட்டம்: காலை முழுசாக நீட்டுவது

இங்கேதான் தொடங்க வேண்டும். மடக்குவதில் இருந்து இல்லை.

காரணம் இதுதான். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருந்தால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை இறுகியே இருக்க வேண்டும். நேராக நீண்ட கால் எலும்பின் மீதே நிற்கும், தசைக்கு ஓய்வு கிடைக்கும். பத்து நிமிடம் வரிசையில் நின்றாலே தொடை நடுங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாகக் கால் முழுசாக நீளாது.

அ. குதிகாலை உயர்த்தி வைப்பது. மல்லாந்து படுத்தோ, கட்டிலில் உட்கார்ந்தோ, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. கால் தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கும். 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை.

ஆ. தொடையை இறுக்குவது. இப்போது துண்டை முழங்காலுக்கு அடியில் மாற்றுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்துங்கள். முன்தொடை கல்லாக வேண்டும், சில்லு எலும்பு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 5 வினாடி பிடித்து விடுங்கள், 10 முறை. மூட்டில் நீர் கோத்திருந்தால் மூளையிலிருந்து முன்தொடைத் தசைக்கு வரும் உத்தரவே தடைப்படும், அதனால் முதல் சில நாட்கள் தொடை "கேட்கவே கேட்காது". கையை அந்தத் தசையின் மேல் வைத்துத் தட்டிக்கொண்டே செய்தால் சீக்கிரம் பிடிபடும்.

இ. குதிகாலை இழுப்பது. படுத்தபடி குதிகாலைப் படுக்கையில் தேய்த்து உடலை நோக்கி இழுத்து, மறுபடி நீட்டுவது. 10 முறை. பாதத்துக்கு அடியில் பாலித்தீன் பை ஒன்றைப் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு ராத்திரியில் நடக்கிறது. வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறார்கள். பகலில் பத்து நிமிடம் நீட்டிவிட்டு ராத்திரி ஏழு மணி நேரம் மடக்கி வைத்தால் எது ஜெயிக்கும்? மாதக்கணக்கில் அப்படித் தூங்கிய கால்கள் பிறகு நேராவதே பெரும்பாடு. தலையணையை எடுத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம், அது வேறு.

## 6. இரண்டாம் கட்டம்: முன்தொடைக்கு வலு

தொடையை நன்றாக இறுக்க வந்த பிறகுதான் இந்தப் பகுதி. பொதுவாக ஒரு வாரம் ஆகும், சிலருக்கு இரண்டு.

காலைத் தூக்குவது: மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி வையுங்கள். வலிக்கும் காலை நீட்டி, முதலில் தொடையை இறுக்கி, அப்புறம் தூக்குங்கள். மடங்கியிருக்கும் முழங்காலின் உயரம் வரை போதும். 3 வினாடி நிறுத்தி, தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். 8 முறை.

ஏன் மறு காலை மடக்க வேண்டும்? இரண்டையும் நீட்டிக்கொண்டு தூக்கினால் இடுப்பு வளைந்து முதுகு பிடித்துக்கொள்ளும். முழங்காலுக்குப் பயிற்சி செய்யப்போய் முதுகு வலியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

தூக்கும்போது முழங்கால் லேசாக மடங்கினால் தொடை வேலை செய்யவில்லை, இடுப்பு மட்டும்தான் தூக்குகிறது. பழையபடி முதல் கட்டத்துக்குப் போய்விடுங்கள்.

பாதிக் கால் நீட்டுவது: முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைத்து, குதிகாலை மட்டும் மேலே தூக்கி நேராக்கி, 5 வினாடி நிறுத்துவது. 10 முறை. காலைத் தூக்குவது கடினமாக இருப்பவர்கள் இதில் தொடங்கலாம். (பயிற்சி முடிந்ததும் தலையணை வெளியே!)

இரண்டிலும் மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

## 7. இடுப்பை விட்டுவிடாதீர்கள்

வலிப்பது முழங்கால், இடுப்புக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்பார்கள். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு சரியாமல் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை. அது தளர்ந்தால் ஒவ்வோர் அடியிலும் உடல் ஆடும், முழங்கால் உட்பக்கம் சாயும். படி இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்குங்கள், 8 முதல் 10 முறை. கால் முன்னால் போகக் கூடாது, கட்டைவிரல் கூரையைப் பார்க்கக் கூடாது. அடுத்து, மல்லாந்து படுத்து இரண்டு காலையும் மடக்கி, பிட்டத்தை மேலே தூக்கி 5 வினாடி நிறுத்துங்கள். இதுவும் 8 முறை. அவ்வளவுதான்.

## 8. மூன்றாம் கட்டம்: நாற்காலியிலிருந்து எழுவது

எல்லாப் பயிற்சியிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். பஸ் சீட், கட்டில், கழிவறை எல்லாவற்றிலிருந்தும் எழுவதற்கு இதே அசைவுதான்.

உயரத்தில் ஆரம்பியுங்கள். நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு உட்காருங்கள். உயரம் கூடினால் முழங்கால் மடங்குவது குறையும், சுமையும் குறையும்.

நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் வரை முன்னால் குனிந்து, அப்புறம் எழுங்கள். புதியவர்கள் நிமிர்ந்தபடியே எழப் பார்க்கிறார்கள், அப்போது மொத்தப் பாரமும் முழங்காலில் விழுகிறது. குனிந்து எழுந்தால் பிட்டமும் பங்கு வாங்கிக்கொள்ளும்.

உட்காரும்போது மூன்று எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண், ஏனென்றால் படி இறங்கும் வலு வருவது இந்த மெதுவான இறக்கத்தில்தான். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாயாமல், இரண்டாம் கால்விரலின் நேரே இருக்க வேண்டும்.

5 முறையில் தொடங்கி, 10 முறை மூன்று சுற்று என்று வந்ததும் ஒரு தலையணையை எடுங்கள். பிறகு இன்னொன்று.

ரகசியமாக நடக்கும் ஏமாற்று ஒன்று உண்டு: பாரம் முழுவதையும் நல்ல காலில் போட்டு எழுவது. எண்ணிக்கை ஏறும், வலிக்கும் கால் அப்படியே இருக்கும். வலிக்கும் காலின் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொண்டால் அது ஒளிய முடியாது.

## 9. நான்காம் கட்டம்: படி

வீட்டு வாசற்படியில் உயரம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், பிடி கட்டாயம். வலிக்கும் காலை மேலே வைத்து, கீழே இருக்கும் காலால் உந்தாமல் ஏறி, மெதுவாக இறங்குங்கள். 5 முதல் 8 முறை. உந்துகிறீர்களா என்று சோதிக்க, கீழ்க்காலின் விரல்களை மேலே தூக்கி வைத்துப் பாருங்கள்.

இது பயிற்சிக்கான முறை. அன்றாடம் மாடி ஏற வலி இருந்தால் முறை வேறு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

## 10. நடை எப்போது?

முதல் நாளிலிருந்தே நடக்கலாம், அளவோடு. 10 நிமிடம், சமதரை, செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு. மறுநாள் காலைச் சோதனையில் தேறினால் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஒரே மூச்சில் 40 நிமிடம் நடப்பதைவிட மூன்றாகப் பிரித்து நடப்பது ஆரம்பத்தில் நல்லது.

மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடப்பதைப் பலரும் கேட்கிறார்கள். வளைவு இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வலி அடங்கும் வரை நேர்கோட்டில் நடங்கள், எட்டு எங்கேயும் போய்விடாது.

ஊன்றுகோல் பிடித்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலது முழங்கால் வலித்தால் இடது கை. ஊரில் பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

## 11. எதை எப்போது கூட்டுவது

முதல் கட்டப் பயிற்சிகளைத் தினமும் செய்யலாம். வலுவுக்கான பயிற்சிகள் வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தசை தேறுவது ஓய்வு நாளில்தான்.

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எண்ணிக்கையையோ, உயரத்தையோ, எடையையோ. மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் வீங்கும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. 12 முறை செய்து முடித்தும் "இன்னும் ஐந்து செய்யலாம்" என்று தோன்றினால் அரை கிலோ கட்டும் நேரம் வந்துவிட்டது. இதைச் செய்யாமல் ஒரு வருடமாக அதே பத்து முறை வெறும் காலைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வலு கூடாது.

ஆறு வாரத்தில் 3-ஆம் பகுதியில் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள். தசை கண்ணுக்குத் தெரிந்து தேற மூன்று மாதம் ஆகும்.

## 12. மற்ற 23 மணி நேரம்

சம்மணம், வஜ்ராசனம், குத்துக்காலிடுதல் மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆழமாக மடங்கும்போது சில்லு எலும்பின் மீது அழுத்தம் மிக அதிகம். கீழே உட்காரும் கழிவறை என்றால் மேலே வைக்கும் ஸ்டூல் வகைகள் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். அரிவாள்மணையைத் தரையிலிருந்து மேடைக்கு மாற்றுங்கள். பூஜைக்கு ஒரு முக்காலி போட்டுக்கொண்டால் சாமி கோபிக்காது.

எடை அதிகம் இருந்தால், உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

## 13. ஒத்தடம், கரண்ட், நீ கேப், ஊசி

இறுக்கமாக இருந்தால் பயிற்சிக்கு முன் 15 நிமிடம் சூடான ஒத்தடம். பயிற்சிக்குப் பின் வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், அதே 15 நிமிடம். சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தால் சுடுநீர்ப் பை வேண்டவே வேண்டாம், சுட்டதே தெரியாமல் கொப்புளித்துவிடும்.

"பத்து நாள் கரண்ட் வைத்தேன்" என்பவர்களிடம் நான் கேட்பது, அந்தப் பத்து நாளில் என்ன பயிற்சி செய்தீர்கள் என்றுதான். மெஷின் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால் காசுதான் கரையும். நீ கேப்பை வெளியே போகும்போது போடுங்கள், பயிற்சியின்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டுக்கொண்டவர்களைவிடப் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கே வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன.

## 14. தனியாகச் சமாளிக்க முடியாதபோது

இரண்டு வாரம் ஆகியும் தொடை இறுகவில்லை, எண்ணிக்கையைக் குறைத்தும் வீக்கம் இறங்கவில்லை, முழங்கால் திடீரென்று மடங்கி விழப் பார்க்கிறது என்றால் நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு இருக்கிறது. வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்யும் சேவைகளில் ஒன்று. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

போகும்போது எக்ஸ்ரேயோடு 3-ஆம் பகுதியில் எழுதி வைத்த தாளையும், எந்தப் பயிற்சி செய்த மறுநாள் வீங்கியது என்ற குறிப்பையும் எடுத்துப் போங்கள். அதை வைத்து எங்கே தொடங்குவது என்று அவர் சீக்கிரம் முடிவு செய்துவிடுவார்.